சீனப் பட்டு நூலுக்கு வரி: காஞ்சீபுரம் தறிக்கு லாபமா, நஷ்டமா?

காஞ்சீபுரம்:

சீனாவில் இருந்து வரும் பட்டு நூலுக்கு மத்திய அரசு வரியை ஏற்றினாலும் சரி, குறைத்தாலும் சரி, அது காஞ்சீபுரம் தறிகள் வரை எதிரொலிக்கிறது. ஜைனக் கோவிலுக்குப் பேர் பெற்ற திருப்பருத்திக்குன்றம் நெசவாளர்களும் இதற்கு விலக்கல்ல.

"எங்கேயோ போடற வரி நம்ம கூலியை எப்படி பாதிக்கும்?" என்று கேட்பவர்களுக்காக இதோ விவரம்:

சீன நூல் எதற்கு?

பட்டு உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் சீனாவுக்கு, 2-வது இடம் இந்தியாவுக்கு. 2023-24-ல் நம் நாட்டில் எல்லா ரகமும் சேர்த்து சுமார் 38,900 டன் கச்சாப் பட்டு உற்பத்தியானது. ஆனாலும் தேவைக்குப் போதவில்லை. பற்றாக்குறைக்கு சீன நூல்தான் கை கொடுக்கிறது. சீன நூல் ஒரே சீராக இருக்கும், சட்டென்று அறுந்து போகாது. இதனால் விசைத்தறிக்காரர்களுக்கு அது ரொம்பவே தோது.

ஏறி இறங்கிய வரி

கச்சாப் பட்டுக்கான இறக்குமதி வரி 30 சதவீதமாக இருந்தது. 2011 பட்ஜெட்டில் இது ஒரேயடியாக 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2013-ல் மறுபடி 15 சதவீதம் ஆனது. பிறகு 10-க்கு இறங்கி, 2021 பட்ஜெட்டில் திரும்பவும் 15 சதவீதமாக உயர்ந்தது.

இது போக இன்னொரு வரியும் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் அடிமாட்டு விலைக்குப் பொருளைக் கொண்டு வந்து கொட்டினால், அதைத் தடுக்க 'பொருள் குவிப்பு தடுப்பு வரி' போடுவார்கள். சீனப் பட்டுக்கு 2003-ல் இந்த வரி வந்தது. 2016-ல் 3ஏ மற்றும் அதற்குக் கீழ்ப்பட்ட தரமுள்ள நூலுக்கு கிலோவுக்கு 1.85 டாலர் வீதம் 5 ஆண்டுக்கு விதிக்கப்பட்டது.

சீனாவின் திட்டம்

வரி மட்டும் காரணமல்ல. சீனாவின் கிழக்குப் பகுதியில் தொழிற்சாலைகள் பெருகி, நிலமும் கூலியும் எகிறியது. உடனே அந்நாட்டு அரசு, மல்பெரி சாகுபடியை மேற்குப் பகுதிக்கு மாற்றும் திட்டத்தை 2006-ல் கொண்டு வந்தது. அங்கே விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் இங்கே நூல் விலை ஆடும்.

யாருக்கு லாபம்?

வரியைக் குறைத்தால் நூல் விலை இறங்கும், நெசவுத் தொழிலுக்கு நல்லது. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிக்கு அடி. 2011-ல் வரி குறைந்ததும் பட்டுக்கூடு விலை சரிந்து கர்நாடக விவசாயிகள் போராட்டத்தில் குதித்தனர். வரியை ஏற்றினால் விவசாயி பிழைப்பார், நூல் விலை ஏறும்.

கூலிக்கு நெய்பவருக்கு நூலும் ஜரிகையும் கூட்டுறவு சங்கமோ, முதலாளியோ கொடுத்து விடுகிறார்கள். அதனால் நூல் விலை அவர் கையைக் கடிக்காது. ஆனால் சேலை விலை ஏறி, விற்பனை படுத்து, சரக்கு தேங்கினால் அடுத்த பாவு கிடைக்கத் தாமதம் ஆகும். பாவு இல்லாவிட்டால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் கூலியும் இல்லை.

மறுபக்கம், மலிவு நூல் வந்தால் விசைத்தறி சேலையும் மலிவாகும். கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று 1985-லேயே சட்டம் வந்தது. அதை மீறி நெய்த சேலை 'காஞ்சீபுரம் பட்டு' என்ற பெயரில் விற்றால், நஷ்டம் கைத்தறிக்காரருக்குத்தான்.

ஆக, சீன நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் நெசவாளிக்கு சிக்கல்தான். தறிக்குத் தடையில்லாமல் பாவு கிடைக்க வேண்டும், விலைவாசிக்கு ஏற்ப கூலியும் உயர வேண்டும் என்பதே நெசவாளர்களின் எதிர்பார்ப்பு.