மழைச்சாலையில் மிதிவண்டி
வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தமிழகச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவோர் முதலில் கவனிக்க வேண்டியது பிரேக்கையே. ரிம் எனப்படும் சக்கர விளிம்பு நனைந்திருக்கும்போது, அதைக் கவ்வும் ரப்பர் பிரேக் கட்டைகள் நீர்ப்படலத்தை வழித்தெடுத்த பின்னரே உராய்வு, அதாவது ஒன்றோடொன்று தேய்வதால் எழும் தடை, முழுமை பெறுகிறது; ஆகவே வழக்கத்தைவிட முன்னதாகவே இரு பிரேக்குகளையும் மெல்ல அழுத்த வேண்டும்.

வெயில் நாட்களுக்குப் பின் விழும் முதல் தூறலில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து வழுக்குகின்றன. பாதாளச் சாக்கடை மூடிகளும் வெள்ளைக் கோடுகளும் அவ்வாறே வழுக்குவதால், அவற்றின் மீது வண்டியைச் சாய்த்துத் திருப்பலாகாது. பள்ளங்களை மறைக்கும் தேங்கிய நீரைத் தவிர்ப்பதும், ஒரு கையில் குடை பிடிக்காமல் மழைக்கோட்டு அணிவதும், பின்புறம் சிவப்பு விளக்கு பொருத்துவதும் விபத்துக்கான வாய்ப்பைக் குறைக்கும்.