விலையில் சொல்லாத வரி

மாங்காட்டிலிருந்து வெளிநாட்டு இணையக் கடையில் பொருள் வாங்குகிறவர் 600122 என்று பின்கோடு போட்டதுமே, பார்சல் இந்தியாவுக்குப் போகிறது என்பது கடைக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கான சுங்க வரி வீதமும் ஒளிவுமறைவில்லாமல் அச்சில் இருக்கிறது. ஆனாலும் கட்டவேண்டிய தொகை வாங்கியவருக்குத் தெரியவருவது, பார்சல் மீனம்பாக்கத்தில் இறங்கி, சோதனை முடிந்து, கூரியர் ஆள் தெருமுனையிலிருந்து போன் செய்யும்போதுதான். வரி இருக்கலாம், இருக்கவும் வேண்டும். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில் அதைச் சொல்லாமல், பின்வாங்க வழியில்லாத நேரத்தில் சொல்கிறார்களே, அதுதான் அநியாயம்.

சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரவழைக்கும் பொருள்களைச் சுங்க அட்டவணை 9804 என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது. முன்பு அதற்கு அடிப்படை வரி 35 சதவீதம். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நல மேல்வரி. எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 28 சதவீதம் ஐஜிஎஸ்டி. வரிக்கு மேல் வரி ஏறியதில் மொத்தச் சுமை 77.28 சதவீதத்தைத் தொட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஐஜிஎஸ்டி 18 சதவீதமானது. இடையில் 20 சதவீதமாகியிருந்த அடிப்படை வரியை 10 ஆகக் குறைப்பதாக 2026 பட்ஜெட் அறிவித்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் இந்தக் குறைந்த வீதத்திலும், 5,000 ரூபாய்ப் பொருளுக்கு 1,000 ரூபாய் விமானக் கூலி என்றால் வரி ஏறத்தாழ 1,800 ரூபாய் வரும். 5,000க்குத்தானே வரி என்று கணக்குப் போட்டவர் இங்கேயே தவறிவிடுவார். சுங்கச் சட்டப்படி கூலியும் காப்பீடும் பொருளின் மதிப்போடு சேரும். டாலருக்கான ரூபாய் மதிப்பும் வங்கி போட்டது அல்ல, சுங்கத் துறை அறிவித்தது. “வரி வீதம் வெளிப்படையாக இருக்கிறது, தெரிந்துகொள்ள வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு” என்பவர்கள், இந்தக் கணக்கை ஒரு சாதாரணக் குடும்பம் போன் திரையைப் பார்த்தபடி போட்டுவிடும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

வரியாவது கணக்குக்கு அடங்கும். கூரியர் நிறுவனத்தின் கட்டணம் அதற்கும் அடங்குவதில்லை. நம் சார்பில் சுங்கத்தில் முன்பணம் கட்டியதற்காக ஒரு தொகை, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பல நிறுவனங்கள் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றையும் வைத்திருப்பதால், பொருள் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குச் சுமை கூடுகிறது. இது அரசாங்கத்துக்குப் போகும் பணமும் அல்ல. “வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாமே” என்பது பேச்சுக்குச் சரி; கட்டிய விமானக் கூலி பெரும்பாலும் திரும்புவதில்லை.

உள்ளூர் வியாபாரியின் பக்கமிருந்து வரும் ஆட்சேபம் கனமானது. ரிச்சி தெருக் கடைக்காரரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைக்காரரும் வரி கட்டி விற்கும்போது, கடல் கடந்து வருகிற பொருள் மட்டும் சும்மா நுழைவது என்ன நியாயம்? நியாயமில்லைதான். அன்பளிப்புக்கென்று இருந்த 5,000 ரூபாய் வரிவிலக்கைச் சில சீன இணையக் கடைகள் விற்பனைச் சரக்குக்கே பயன்படுத்தியதாகப் புகார் எழுந்து, 2019 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு நீடித்தது. சோதனையும் தேவையே. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த தபாலில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்ததைக் கண்டுபிடித்தது சென்னைச் சுங்கத் துறைதான். ஆனால் சோதனைக்கும் வரிக்கும் உள்ள நியாயம், தொகையை மறைத்து வைப்பதற்கு நியாயமாகாது. விலையோடு வரியும் முன்கூட்டியே தெரிந்தால் உள்ளூர்க் கடையின் விலை எவ்வளவு மலிவு என்பதும் அப்போதே தெரியும். பட்டறைக்காரருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன?

வெளிநாட்டு விற்பனையாளர் எத்தனை நாட்டு வரியைத்தான் கணக்கிடுவார் என்றும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும், சிங்கப்பூர் 2023 ஜனவரியிலும், குறிப்பிட்ட மதிப்புக்கு உட்பட்ட பொருள்களின் விற்பனை வரியை வாங்கும்போதே வசூலிக்கும் வழியைக் கொண்டுவந்துவிட்டன. பெரிய இணையச் சந்தைகள் அதற்கு இணங்கித்தான் வியாபாரம் செய்கின்றன. இறுதித் தொகையை அதிகாரிதான் முடிவு செய்வார் என்பது உண்மை. அதற்கும் வழி இருக்கிறது: உத்தேச வரியை முன்வைப்பாக வாங்கி, மிச்சத்தைத் திருப்பித் தரும் முறையை அமேசான் வெளிநாட்டு விற்பனையில் ஏற்கெனவே நடத்திவருகிறது. 9804 போல ஒரே தலைப்பு இருக்கும் இந்தியாவுக்கு அந்தக் கணக்கு இன்னும் சுலபம்.

சட்டமும் கைவசம் இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், கூலி, வரி உட்பட மொத்த விலையை ஒரே தொகையாகவும், பிரித்தும் காட்டச் சொல்கின்றன. இந்திய நுகர்வோருக்கு முறையாக விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அவை கட்டுப்படுத்தும். இறக்குமதி வரியும் இந்த ‘வரி’யில் அடங்கும் என்று மத்திய அரசு ஒரு விளக்க ஆணை போட்டால் போதும், புதுச் சட்டம் தேவையில்லை. இதில் தாமதம் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிர்பாராத சுங்கத் தொகை கேட்டு போன் வருவது சகஜமாகிவிட்ட ஊரில், “உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்கள்” என்று மோசடிக்காரன் அனுப்பும் செய்தியும் உண்மை போலவே தெரிகிறது. அந்த விளக்க ஆணை வரும்வரை, பணம் கேட்பவரிடம் சுங்கத்தில் தாக்கலான இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியின் நகலைக் கேளுங்கள். அரசுக்குப் போகும் வரி எவ்வளவு, கூரியர் தனக்கென்று எடுப்பது எவ்வளவு என்பது அந்த நகலையும் கூரியர் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிரிந்துவிடும்.