கண்ணளவும் மீனளவும்: வலையின் வடிவமைப்பு மீனைத் தெரிவு செய்யும் முறை

முன்னுரை

தமிழகக் கடற்கரையில் வலைகளுக்குப் பிடிபடும் உயிராலும் பிடிக்கும் முறையாலும் பெயர்கள் அமைந்துள்ளன. சாளை வலை, நண்டு வலை, கரைவலை, இழுவலை, சுருக்குமடி என்னும் பெயர்கள் இதற்குச் சான்று. எந்த வலையும் கடலிலுள்ள அனைத்தையும் பிடிப்பதில்லை. சிலவற்றைத் தேர்ந்து வைத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுகிறது. இப்பண்பை மீனியலார் தெரிவுத்திறன் என்பர். சட்டமோ இதனைக் கண்ணளவு என்னும் ஒற்றை எண்ணால் நெறிப்படுத்த முயல்கிறது. தமிழ்நாட்டில் இழுவலையின் மடிக்கு விதிகள் குறிப்பிடும் அளவு 40 மி.மீ. ஆகும். இவ்வெண் தேவையானது, ஆயினும் போதுமானதன்று. மீன் எதிர்கொள்வது எண்ணை அன்று, இழுவிசையின்கீழ் அந்தக் கண் கொள்ளும் வடிவத்தையே என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கண்ணளவு என்பது எது?

வலைக்கண் ஒன்றை இரு எதிர் முடிச்சுகளைப் பிடித்து முழுவதும் இழுத்தால் கிடைக்கும் நீளமே கண்ணளவு. 40 மி.மீ. கண் என்பது, முடிச்சின் பருமனை ஒதுக்கிப் பார்த்தால், 20 மி.மீ. நீளமுள்ள நான்கு நூல்துண்டுகளால் ஆனது. இந்த நான்கு துண்டுகளைக் கொண்டு எண்ணற்ற சாய்சதுரங்களை அமைக்கலாம். முழுச் சதுரமாக விரிந்தால் திறப்பின் பரப்பு 400 சதுர மி.மீ. அகலம் 10 மி.மீ. ஆகும்படி ஒடுங்கினால் உயரம் ஏறத்தாழ 39 மி.மீ. ஆகிறது; பரப்போ 194 சதுர மி.மீ.க்குச் சுருங்குகிறது. முழுவதும் இழுபட்டால் திறப்பே இல்லை. மூன்று நிலைகளிலும் அளவுகோல் காட்டும் கண்ணளவு 40 மி.மீ.தான். விதியும் கடலும் வேறுபடும் இடம் இதுவே.

செவுள் வலை: சிறியதும் பெரியதும் தப்பும் வலை

செவுள் வலை நீரில் திரைபோல் நிற்பது. மேற்கயிற்றில் மிதவைகளும் கீழ்க்கயிற்றில் ஈயக்குண்டுகளும் அதனை நிமிர்த்தி வைக்கின்றன. மீன் அதனைத் துரத்திச் சென்று அகப்படுவதில்லை. தன் வழியில் நீந்தி வந்து தலையை நுழைக்கிறது. உடலின் பருத்த பகுதி நுழையாதபோது பின்வாங்க முயல்கிறது. அப்பொழுது செவுள்மூடியில் நூல் மாட்டிக்கொள்கிறது. சிறிய மீன் கண்ணினூடே கடந்துவிடும். பெரிய மீனோ தலையையே நுழைக்க முடியாமல் முட்டித் திரும்பும். ஆகவே மீனின் நீளத்தைக் கிடையச்சிலும் பிடிபடும் வாய்ப்பைச் செங்குத்தச்சிலும் குறித்தால் மணி வடிவக் கோடு கிடைக்கும்.

ரஷ்ய மீனியலாளர் பாரனோவ் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு வடிவொப்புமை விதியொன்றை வகுத்தார். ஓரினத்து மீன்கள் சிறிதாயினும் பெரிதாயினும் ஒரே வடிவின, கண்களும் அவ்வாறே. எனவே பிடிபடும் வாய்ப்பை நிர்ணயிப்பது மீனின் நீளத்துக்கும் கண்ணளவுக்கும் உள்ள விகிதமே. ஓரினத்தில் 50 மி.மீ. கண்ணுக்கு 20 செ.மீ. மீன் மிகுதியாக அகப்படுகிறது எனக் கொண்டால், 60 மி.மீ. கண்ணுக்கு அது 24 செ.மீ. ஆகும். எளிமையான இவ்விதி இன்றும் செவுள் வலை ஆய்வுகளின் அடித்தளமாக விளங்குகிறது.

நடைமுறையில் இவ்விதியைக் கலைப்பவை இரண்டு. ஒன்று, வலையைக் கயிற்றில் கோக்கும் விகிதம். முழுதும் இழுத்து நீட்டிய 100 மீட்டர் வலையை 50 மீட்டர் கயிற்றில் கோத்தால் விகிதம் 0.5. இதனினும் குறைத்துக் கோத்தால் வலை தொளதொளவெனத் தொங்கும். மீன் செவுளில் மாட்டுவதற்கு மாறாக வலையில் சுற்றிக்கொள்ளும். அப்பொழுது உடற்சுற்றளவுக்கும் கண்ணளவுக்கும் உள்ள தொடர்பு தளர்ந்துவிடுகிறது. நண்டு பிடிப்போர் வேண்டுவதும் இத்தளர்ச்சியையே. மற்றொன்று மீனின் உறுப்பமைப்பு. முள்ளுடைய கெளுத்தி எந்தக் கண்ணிலும் முள்ளால் சிக்கும். மீனவர் டிஸ்கோ வலை என்றழைக்கும் மூவடுக்கு வலையில், நடுவிலுள்ள சிறுகண் வலை மீனோடு சேர்ந்து புற அடுக்கின் பெருங்கண்ணுக்குள் பையாகத் துருத்துகிறது. அங்குக் கண்ணளவைக் கொண்டு மீனளவைக் கணிப்பது அரிது.

நூலும் கருதத்தக்கது. பருத்தி நூல் இருந்த இடத்தில் நைலான் வந்ததும், பின்னர் ஒற்றையிழை நைலான் வந்ததும் வலையை மெல்லியதாகவும் நீருள் கண்ணுக்குப் புலப்படாததாகவும் ஆக்கின. கண்ணளவு மாறாமலே பிடிப்பு மாறியது.

இழுவலையின் மடி

இழுவலையின் இயல்பு வேறு. இங்குப் பெரிய மீன் தப்புவதில்லை. வலைவாயின் முன் மீன் சிறிது நேரம் வலையின் வேகத்தோடு நீந்துகிறது. களைத்ததும் பின்னோக்கிச் சரிந்து, இறுதிப் பையாகிய மடியை அடைகிறது. தெரிவு பெரும்பாலும் அங்கேயே நிகழ்கிறது. கண்ணினூடே வெளியேறக்கூடிய சிறுமீன்கள் வெளியேறும், ஏனையவை தங்கும். ஆகவே கோடு மணி வடிவில் எழுந்து தாழ்வதில்லை. நீட்டி எழுதிய ஆங்கில எழுத்து எஸ் போல எழுந்து உச்சியில் நிலைத்துவிடுகிறது.

இதனை அளக்க எளிய முறை உண்டு. மடிக்கு வெளியே மிக நுண்ணிய கண்ணுடைய மற்றொரு பையைப் போர்த்தி இழுப்பர். மடியில் தங்கியவற்றையும் போர்வையில் சேர்ந்தவற்றையும் நீளவாரியாக எண்ணினால், எந்த நீளத்தில் பாதி தங்கிப் பாதி தப்புகிறது என்பது தெரியவரும். அந்நீளமே அரைத்தெரிவு நீளம். அது இனப்பெருக்க முதிர்ச்சி நீளத்திற்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்கள் ஒருமுறையேனும் முட்டையிட்டிருக்கும். கீழ் இருந்தால் முட்டையிடாத மீன்களே மடியை நிரப்பும்.

சாய்சதுரக் கண் கொண்ட மடியில் ஒரு சிக்கல் உண்டு. மீன் சேரச்சேர மடியின் கடைப்பகுதி பந்துபோல் பருக்கிறது. அதற்கு முன்னுள்ள கண்கள் நீளவாட்டில் இழுபட்டு ஒடுங்குகின்றன. திறந்திருப்பவை மீன்குவியலை ஒட்டிய சில வரிசைகளே. பிடிப்பு கூடும்போது தப்பும் வாயில்கள் அடைபடுகின்றன. வலையை 45 பாகை திருப்பி, நூல்துண்டுகள் இழுவைத் திசைக்கு இணையாகவும் குறுக்காகவும் அமையுமாறு கட்டினால் கண் சதுரமாகவே நிற்கும். இழுவிசை கண்ணை மூடுவதில்லை. உருளையான உடலுடைய மீனுக்கு இதனால் விளையும் வேறுபாடு பெரிது. 40 மி.மீ. சதுரக் கண்ணில் 20 மி.மீ. விட்டமுள்ள உடல் கடக்கலாம். 10 மி.மீ. அகலத்துக்கு ஒடுங்கிய சாய்சதுரத்தில் 10 மி.மீ.க்கும் குறைந்த விட்டமே கடக்கும். மீனின் தசை சற்று நெகிழக்கூடியது என்றாலும் இந்த இடைவெளியை நெகிழ்ச்சி ஈடுகட்டாது. பால்டிக் கடலில் காட் மீனுக்காக மடியில் சதுரக்கண் சாளரம் வைப்பதும், வலையை 90 பாகை திருப்பிக் கட்டுவதும் இக்காரணத்தாலேயே நடைமுறைக்கு வந்தன. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் சதுரக்கண் மடியைப் பரிந்துரைத்துள்ளது. இளமீனை விலக்கி இறாலைப் பிரிக்கும் கருவியையும் உருவாக்கியுள்ளது.

காரலும் சதுரக்கண்ணும்

குளிர்கடல் ஆய்வுகளைப் பாக் நீரிணைக்கு அப்படியே பெயர்த்து நடுதல் கூடாது. அங்கு இழுவலையின் முதன்மைப் பிடிப்புகளுள் ஒன்று காரல். அது உருளை மீனன்று; பக்கவாட்டில் தட்டையாகி, உயரம் மிகுந்த உடலுடையது. 30 மி.மீ. உயரமும் 8 மி.மீ. தடிமனும் உள்ள ஓர் உடலை எடுத்துக்கொள்வோம். 40 மி.மீ. சதுரக் கண்ணின் மூலைவிட்டம் ஏறத்தாழ 28 மி.மீ. மட்டுமே, அவ்வுடல் அதனூடே செல்லாது. அதே கண் 20 மி.மீ. அகலமும் ஏறத்தாழ 35 மி.மீ. உயரமும் கொண்ட சாய்சதுரமாகத் திறந்திருந்தால் அது செல்லும். 10 மி.மீ. அகலத்துக்கு ஒடுங்கினால் மீண்டும் செல்லாது. எனவே தட்டை மீனுக்குச் சதுரக்கண் எப்போதும் நன்மை என்பதும் தவறு. சாய்சதுரமே நன்மை என்பதும் தவறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. காரலின் பல இனங்கள் சிறிய அளவிலேயே முதிர்ச்சி அடைபவை. அதே நீளத்தில் அகப்படும் பாறை மீனோ இன்னும் குஞ்சு. வலை வயதை அறியாது, உருவத்தை மட்டுமே அறியும். பல்லின மீன்வளமுள்ள வெப்பக்கடலில் எந்த ஒற்றைக் கண்ணளவும் ஏதோ ஓர் இனத்துக்கு மிகச் சிறியதாகவும் மற்றோர் இனத்துக்கு மிகப் பெரியதாகவும் இருந்தே தீரும். காரல் கருவாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் கரையில் உண்டு என்பதால் இது வெறும் கணக்கன்று.

கேரள அரசு இனவாரியாகக் குறைந்தபட்ச நீளங்களை விதித்தது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. இவ்விதி சந்தையைக் கட்டுப்படுத்தும். ஆனால் கரையில் அளக்கப்படும் மீன் ஏற்கெனவே இறந்த மீன். நீருக்குள்ளேயே அதனை விடுவிக்கக்கூடியது வலை ஒன்றே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் 61 நாள் தடைக்காலம் முட்டையிடும் மீனைக் காக்கிறது. தடை நீங்கியபின் கடலிலுள்ள குஞ்சுகளைக் காப்பது மடியின் கண்தான்.

அளக்கப்படாதவை

கண்ணளவு மாறாதிருக்கவே தெரிவைக் குலைக்கும் வழிகள் சில உண்டு. மடியின் சுற்றளவில் கண்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொரு கண்ணும் குறைவாகவே திறக்கும். தடித்த நூலையோ இரட்டை நூலையோ இட்டால் கண் விறைத்து நிற்கும். மீன் அதனை நெகிழ்த்திக் கடக்க இயலாது. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் இவ்விரண்டுக்கும் வரம்பு விதிப்பதன் காரணம் இதுவே. மடிக்குள் நுண்கண் உள்மடி ஒன்றைத் தைத்துவிட்டால் வெளிமடியின் 40 மி.மீ.க்குப் பொருளே இல்லை. உள்மடி இடுவோரைக் குறை கூறுவது எளிது. பெருங்கண்ணுக்கு மாறும் படகு முதல் சில மாதங்கள் சிறுமீன் வருவாயை இழக்கிறது. அது விட்ட மீன் வளர்ந்தபின் அடுத்த படகின் வலையிலும் விழக்கூடும். சிறுமீனைத் தீவன ஆலைகள் விலைகொடுத்து வாங்கும்வரை இவ்விழப்பு உண்மையான இழப்பே. எனவே ஒரு துறைமுகத்துப் படகுகள் அனைத்தும் ஒரே பருவத்தில், தடைக்காலம் முடிந்து கடலுக்குச் செல்லும் நாளிலேயே, மடியை மாற்றுவது தனிப்படகு மாறுவதினும் நடைமுறைக்கு உகந்தது. அன்று செய்யும் ஆய்வில் கண்ணளவோடு சுற்றளவுக் கண்களின் எண்ணிக்கையையும் நூலின் தடிமனையும் குறித்துவைத்தல் வேண்டும்.