புது வில் பூட்டிய லொறி ஒருபக்கம் சாய்வதேன்?

காலபோக நெல் அறுவடையாகி மூடைகள் கட்டப்படும் நாட்களில், கமக்காரருக்கு வயலிலும் பார்க்கத் தெருவே பெருங் கவலையைத் தருகின்றது. களத்திலிருந்து ஆலைக்கும் களஞ்சியத்துக்கும் நெல்லைக் கொண்டுசெல்லும் லொறி, ஆண்டுதோறும் பாரம் சுமந்து பின்புறம் தாழ்ந்து போயிருக்கும். வாய்க்காற்கரைத் தெருவின் பள்ளங்களில் அதன் அச்சு மேலெழுந்து சட்டத்தில் முட்டும். இக்குறையை நீக்குவதற்காக, ஸ்பிறிங் எனப்படும் பழைய விற்களைக் கழற்றி, வளைவு கூடிய புது விற்களைப் பூட்டுவோர் பலர். பழைய வில்லுடன் மேலும் ஒரு தகட்டைச் சேர்ப்போரும் உளர். வேலை முடிந்து வண்டியைக் கீழே இறக்கிப் பார்க்கும்போது பின்புறம் உயர்ந்திருக்கும். ஆயின், இடப்பக்கம் ஒரு மட்டத்திலும் வலப்பக்கம் வேறொரு மட்டத்திலும் நிற்பதைக் கண்டு சிலர் திகைப்பதுண்டு.

இந்நிலையில் பெரும்பாலோர் புது வில்லையே குறைகூறுவர். பின்னர், தாழ்ந்த பக்கத்துக்கு மட்டும் ஒரு தகட்டைக் கூட்டுவர். அல்லது கட்டை வைத்து உயர்த்துவர். இவை தகுந்த பரிகாரங்கள் அல்ல. சாய்வு தோன்றும் இடமும் அதற்குக் காரணமான இடமும் வெவ்வேறாக இருத்தல் சாதாரணமாகும். காரணத்தை அறியாது செய்யும் பரிகாரத்தாற் பணமும் வீணாகும், ஆபத்தும் நீங்காது. ஆகவே முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். இதற்கு ஓர் அளவுநாடாவும், ஒரு துண்டு வெண்கட்டியும், மட்டமான ஓரிடமும் போதுமானவை.

சாய்வினால் விளையும் கேடு

வெறும் லொறியில் ஓர் அங்குலச் சாய்வு பெரிதாகத் தோன்றாது. மூடைகளை வரிசை வரிசையாக உயர அடுக்கிய பின்னரே அதன் கேடு வெளிப்படும். இரு விற்களுக்கும் இடைப்பட்ட தூரம் 40 அங்குலமென்றும், ஒரு பக்கம் 1 அங்குலம் தாழ்ந்துள்ளதென்றும் கொண்டால், விற்களுக்கு மேல் 80 அங்குல உயரத்திலுள்ள மூடை 2 அங்குலம் பக்கவாட்டில் விலகி நிற்கும். இவ்வாறு விலகிய பாரம் தாழ்ந்த பக்கத்து வில்லையே மேலும் அழுத்தும். அழுத்தம் கூட அந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் தாழும்.

குளக்கட்டு வழியிலும் வாய்க்காற் கரையிலும் தெருவின் ஓரம் மழையினால் இளகியிருப்பதுண்டு. சாய்ந்த லொறியின் தாழ்ந்த பக்கச் சில்லு அவ்விளகிய ஓரத்தில் இறங்குமாயின், வண்டி குடைசாய அதிக நேரம் செல்லாது. ஒரு போகத்தின் உழைப்பு முழுவதும் அவ்வண்டியின்மேல் இருக்கும். பாரமேற்றும் தொழிலாளர் மூடைகளின்மேல் ஏறியிருந்து செல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. குடைசாயும் லொறியில் முதலில் உயிராபத்துக்கு உள்ளாவோர் அவர்களே. எனவே இவ்வழக்கம் எக்காலத்திலும் தவிர்க்கத்தக்கது.

வில் வேலைசெய்யும் விதம்

லொறிகளிலும் பாரமேற்றும் பிக்கப் வண்டிகளிலும் பின்புறத்தில் தகட்டு விற்களே பெரும்பாலும் காணப்படும். நீளமான முதற்றகட்டின் இரு நுனிகளும் கண்போல வளைக்கப்பட்டிருக்கும். அதன் கீழே, படிப்படியாக நீளங் குறைந்த தகடுகள் அடுக்கப்பட்டு, நடுவே ஒரு போல்ட்டினால் இணைக்கப்பட்டிருக்கும். முன்கண் வண்டியின் சட்டத்தில் நேராகப் பொருத்தப்படும். பின்கண் ஷக்கிள் எனப்படும் ஆடும் இணைப்பின் மூலம் பொருத்தப்படும். பாரம் ஏறும்போது வில்லின் வளைவு நிமிர்ந்து அதன் நீளம் கூடும். அதற்கு இடங்கொடுப்பது ஷக்கிளேயாகும். யூ போல்ட்டுகள் வில்லை அச்சுடன் இறுகப் பிணைக்கின்றன. இவ்வுறுப்புக்களுள் எது பிழையாகப் பூட்டப்பட்டாலும் வண்டியின் மட்டம் மாறும்.

அளக்கும் முறை

லொறியிலிருந்து பாரத்தையும் கருவிகளையும் இறக்கிவிடுக. ஆசனத்தில் ஒருவரும் இருத்தலாகாது. ஓர் அச்சிலுள்ள ரயர்கள் யாவும் ஒரே அளவினவாகவும், ஒரேயளவு தேய்ந்தனவாகவும் உள்ளனவா என்று கவனித்து, காற்றமுக்கத்தைச் சரிசெய்க. பின்னர் மட்டமான சீமெந்துத் தரையில் வண்டியைச் சிறிது தூரம் முன்னும் பின்னும் ஓட்டி, பிறேக்கை மெல்ல அழுத்தி நிறுத்துக. ஜக்கிலிருந்து இறக்கிய உடனே அளந்தால், விற்கள் தம் நிலைக்கு வந்திராதபடியால் அளவு பிழைபடும்.

ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து நேர் மேலே, மட்காட்டின் விளிம்புவரை அளந்து, நான்கு அளவுகளையும் தரையில் எழுதுக. அதன்பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையேயுள்ள உயரத்தை இருபக்கமும் ஒரே இடத்தில் அளக்குக. இறுதியாகச் சட்டத்திலிருந்து நிலம் வரையுள்ள உயரத்தை அளக்குக. வண்டியை மறுபுறம் திருப்பி அதே இடத்தில் நிறுத்தி, மீண்டும் ஒருமுறை அளத்தல் நன்று. திருப்பியவுடன் சாய்வும் மறுபக்கத்துக்கு மாறுமாயின், குறை வண்டியிலன்று, தரையிலேயாம்.

இவ்வளவுகள் பல காரணங்களை வேறு பிரித்துக் காட்டும். நிலத்திலிருந்து அளந்த உயரம் வேறுபட்டு, அச்சிலிருந்து அளந்த உயரம் இருபக்கமும் சமமாயிருப்பின், ரயர்களையே சோதித்தல் வேண்டும். சட்டம் இருபக்கமும் சமமாயிருந்து, மேலேயுள்ள தட்டு மாத்திரம் சாய்ந்திருப்பின், தட்டைத் தாங்கும் கட்டைகளும் இறப்பர்களும் நைந்திருக்கலாம். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட உயரமே வேறுபடுமாயின், விற்களிலும் அவற்றின் பொருத்துக்களிலும் காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

வேறுபாடு அரை அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 12 மில்லிமீற்றருக்கு உட்பட்டதாயின், அது பெரிதுங் கவலைக்குரியதன்று. எரிபொருட் தாங்கியும் மின்கலமும் ஒரு பக்கத்தில் அமைந்திருப்பதனால், இவ்வளவு வேறுபாடு பல வண்டிகளில் இயல்பாகவே காணப்படும்.

குறை முன்புறத்திலா, பின்புறத்திலா?

வண்டியின் சட்டம் விறைப்பானது. ஆகையால் முன்புறத்தில் இடப்பக்க வில் தளர்ந்திருப்பின், வண்டி முழுவதுமே இடப்பக்கம் சாயும். புது வில் பூட்டிய பின்புறமும் சாய்ந்து தோன்றும். பின்புறம் தாழ்ந்திருந்த காலத்தில் கண்ணுக்குப் படாதிருந்த முன்புறக் குறை, பின்புறம் உயர்ந்த பின்னர் வெளிப்படுதலும் உண்டு.

இதனை அறிய எளிய சோதனை ஒன்றுள்ளது. பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்புறக் குறுக்குச் சட்டத்தின் சரி நடுவில் ஜக்கை வைத்து, முன்விற்களின் சுமை நீங்கும்வரை வண்டியை மெல்ல உயர்த்துக. இப்போது முன்புறம் ஒரே புள்ளியில் தாங்கப்படுவதால், அது சாய்வைத் தடுக்கவோ உண்டாக்கவோ மாட்டாது. இந்நிலையிற் பின்புறம் மட்டமாகுமாயின், குறை முன்புறத்திலேயே உள்ளது. பின்புறம் முன்போலவே சாய்ந்து நிற்குமாயின், குறை பின்புறத்ததாகும். சோதனை நடைபெறும்போது எவரும் வண்டியின் கீழே செல்லலாகாது. கீழே வேலைசெய்ய வேண்டுமாயின், ஜக்கை மாத்திரம் நம்பாது, உறுதியான தாங்கிகளைச் சட்டத்தின் கீழ் வைத்த பின்னரே நுழைதல் வேண்டும்.

சில பிக்கப் வண்டிகளின் முன்புறத்தில் வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள் அமைந்திருக்கும். அவற்றின் உயரத்தைச் சரிசெய்யும் போல்ட் ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பதால், முன்புறச் சாய்வைப் புதிய உறுப்பு எதுவும் வாங்காமலே திருத்திக்கொள்ளலாம்.

பூட்டும்போது நேரும் பிழைகள்

குறை பின்புறத்தில் என்று தெரிந்தால், பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, நடுப் போல்ட்டின் தலை. இத்தலை அச்சின் இருக்கையிலுள்ள துளைக்குள் அமர்ந்திருத்தல் வேண்டும். துளைக்கு வெளியே நின்றால், வில் இருக்கையிற் படியாது அந்தப் பக்கம் உயர்ந்து நிற்கும். அச்சும் இடம் விலகும். வில்லின் முன்கண்ணிலிருந்து அச்சு வரையுள்ள தூரத்தை இருபக்கமும் அளந்தால் இப்பிழை வெளிப்படும். அச்சு விலகிய வண்டி நேர்த் தெருவிலும் நண்டுபோற் பக்கஞ் சாய்ந்தே ஓடும்.

இரண்டாவது, வில்லின் முன்பின் மாற்றம். பல விற்களில் நடுப் போல்ட் சரி நடுவில் இருப்பதில்லை. ஒரு பாதி குறுகியும் மறு பாதி நீண்டுமிருக்கும். ஒரு பக்கத்து வில்லை மாத்திரம் திருப்பிப் பூட்டினால் மட்டமும் கெடும், அச்சின் நிலையும் கெடும்.

மூன்றாவது, இடவல மாற்றம். சில வண்டிகளில் சாரதி இருக்கும் பக்கத்து வில் மற்றதைவிடச் சிறிது உயரமாகச் செய்யப்படுகின்றது. இலங்கையில் ஓடும் வண்டிகளிற் சாரதியின் ஆசனம் வலப்பக்கத்திலுள்ளது. ஆசனம் இடப்பக்கத்திலுள்ள நாடுகளுக்கெனச் செய்த விற்களை அவற்றின் அடையாளப்படியே பூட்டினால், உயர்ந்த வில் பிழையான பக்கத்துக்குப் போய்விடும். ஆகவே பூட்டுமுன்னரே இரு விற்களையும் தரையில் அருகருகே வைத்து, தகடுகளின் எண்ணிக்கை, தடிப்பு, வளைவு என்பவற்றை ஒப்பிடுதல் நன்று.

நான்காவது, இறப்பர் புஷ்கள். அச்சு தொங்கும் நிலையிலேயே வில்லின் கண்ணிலுள்ள போல்ட்டுகளை முற்றாக இறுக்கிவிடுதல் பலரும் செய்யும் பிழையாகும். வண்டி தரையில் இறங்கும்போது வில் நிமிர, இறப்பர் முறுக்குண்டு வண்டியை உயரத்தில் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் முறுக்குண்டால் சாய்வு உண்டாகும். இறப்பரும் விரைவிற் கிழியும். நட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சில்லுகளில் நிறுத்தி, முன்னும் பின்னும் அசைத்த பின்னர், பாரம் சில்லுகளில் இருக்கும்போதே இறுதியாக இறுக்குதல் வேண்டும். பல சாய்வுகள் இவ்வொன்றினாலேயே நீங்கிவிடும்.

ஐந்தாவது, ஷக்கிள். துருவேறி இறுகிய ஷக்கிள் வில்லை நிமிர விடாது. ஷக்கிள் இருபக்கமும் ஒரே கோணத்தில் நிற்கின்றதா, தடையின்றி ஆடுகின்றதா என்று பார்த்துத் துப்புரவாக்குக. கிறீஸ் இடும் வகையாயின் கிறீஸ் இடுக.

இடம் மாற்றிப் பார்த்தல்

மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தும் சாய்வு நீங்காவிடின், இரு விற்களையும் பக்கம் மாற்றிப் பூட்டிப் பார்த்தல் வேண்டும். சாய்வும் மறுபக்கத்துக்கு மாறினால், விற்கள் ஒத்தனவல்ல என்பது தெளிவாகும். விற்றவரிடம் அளவுகளைக் காட்டி மாற்றிக் கேட்கலாம். சாய்வு பழைய பக்கத்திலேயே நின்றால், விற்களிற் குற்றமில்லை. சட்டம் வளைந்திருத்தல், வில்லைத் தாங்கும் பிடி விலகியிருத்தல் முதலியவற்றைத் தேர்ந்த கராஜ் ஒன்றிற் சோதிப்பிக்க வேண்டும். இச்சோதனைக்கு அரை நாள் வேலை செல்லும். எனினும், இன்னொரு சோடி வில் வாங்குஞ் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிதேயாம்.

புதிய விற்கள் ஓடத் தொடங்கிய பின்னர் சிறிது பணிதல் இயல்பு. 500 முதல் 1,000 கிலோமீற்றர் வரை ஓடிய பின் மீண்டும் அளந்து, யூ போல்ட்டுகளைக் கைந்நூலிற் கூறப்பட்ட அளவுக்கு இறுக்குதல் வேண்டும். தளர்ந்த யூ போல்ட் நடுப் போல்ட்டை முறிக்கும்.

செய்யத்தகாதவை

தாழ்ந்த பக்கத்தில் மாத்திரம் மரக்கட்டை வைத்தலாகாது. தகட்டைத் தீயிற் காய்ச்சி வளைத்தலும் ஆகாது. காய்ச்சிய உருக்குத் தகடு தன் பதத்தை இழந்து, பாரத்தில் நிமிர்ந்துவிடும் அல்லது முறியும். வில்லின் தகட்டில் ஒட்டுவேலை செய்தலும் அத்தகையதே. புரி தேய்ந்து நீண்ட யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தலாகாது.

பின்புறம் உயர்ந்தபோது பிறேக் குழாய் இழுபடுகின்றதா என்றும் பார்த்தல் அவசியம். சில வண்டிகளில், பின்புறத்தின் உயரத்துக்கேற்பப் பின்சில்லுகளின் பிறேக் அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று அமைந்துள்ளது. வண்டி உயர்ந்து நின்றால், பாரம் இல்லையென்பதாக அது பின்பிறேக்கின் வலுவைக் குறைத்துவிடும். புது வில் பூட்டியபின் இவ்வால்வைத் திருத்தியமைக்க வேண்டும்.

இறுதியாக, பாரத்தைப் பற்றி ஒரு சொல். புது வில் பூட்டியதனால் லொறி ஏற்றத்தக்க பாரம் கூடுவதில்லை. அச்சும், ரயரும், பிறேக்கும், சட்டமும் பழையனவே. 60 கிலோகிராம் நிறையுள்ள 40 மூடைகள் 2,400 கிலோகிராம் ஆகும். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட பாரம் எவ்வளவு என்பதை அறிந்து, மூடைகளை எண்ணி, இருபக்கமும் சமமாக அடுக்குக. பாரமேற்றிய பின்னரும் ஒருமுறை பின்னால் நின்று வண்டியின் மட்டத்தைப் பார்க்குக. சாய்ந்திருப்பின், தெருவில் இறங்குமுன்னரே மூடைகளை மாற்றி அடுக்குக.