அப்பாவின் ரயில் பெட்டிக்கு என்ன சிவப்பு?

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு ரயில் இருக்கிறது. ஓடாத ரயில். அட்டை, பிளாஸ்டிக், கம்பித் துண்டு என்று கிடைத்ததை வைத்து, ரிட்டயர் ஆன பிறகு அப்பா செய்தது. இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் முதல் பெட்டி மட்டும் இரண்டு வருடமாக வெள்ளையாகவே நின்றது. பெயின்ட் அடிக்கவில்லை. கேட்டால், "சரியான கலர் கிடைக்கலைம்மா" என்பார்.

1984 மே மாதம் சித்தி கல்யாணத்துக்காகக் கோவை போய்த் திரும்பியபோது நாங்கள் உட்கார்ந்து வந்த பெட்டி அது. எனக்கு அப்போது நான்கு வயது. "அந்தப் பெட்டி அப்படியே வரணும்" என்பது அப்பாவின் பிடிவாதம். போன வருடம் அவருடைய 76-வது பிறந்த நாளுக்கு நானே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு டப்பா பெயின்ட், ஒரு பிரஷ், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன். ஆறு மாதம் ஆயிற்று!

ஒரே ரயில், நாலு கலர்

முதலில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். "நம்ம கோயம்புத்தூர் ரயில் என்ன கலர்?"

"அரக்கு. என் கல்யாணப் பட்டு பார்டர் மாதிரி" என்றார் அம்மா. "நல்ல சிவப்பு" என்றார் அப்பா. "நீலம்தானே அக்கா!" என்றான் 1990-ல் பிறந்த சித்தி பையன். டெல்லியில் வேலை பார்த்த சித்தப்பா, "சிவப்பும் கிரீமும்" என்று முடித்துவிட்டார்.

யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஏறிய ரயிலின் நிறத்தைத்தான் சொன்னார்கள்.

நம் நினைவில் இருக்கும் பெரும்பாலான பெட்டிகள் பெரம்பூரில் பிறந்தவை. 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப். தொழிற்சாலையில், சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பில் உருவானவை. பல்லாண்டுகள் இவற்றின் பொதுவான நிறம் மெரூன். அந்தக் காலப் பெட்டிகளில் இருந்தது வெற்றிட பிரேக். 1990-களில் காற்றழுத்த பிரேக் கொண்ட பெட்டிகள் பரவியபோது, பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும்படி நீலம் வந்தது. சித்தி பையன் பார்த்தது அதைத்தான். சித்தப்பா சொன்ன சிவப்பு-கிரீம், 1969-ல் ஓடத் தொடங்கிய ராஜ்தானிக்கு உரியது. அந்தப் பழைய வடிவப் பெட்டிகளின் உற்பத்தியும் 2018 ஜனவரியோடு நின்றுவிட்டது. இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் கேட்டால், 'வந்தே பாரத்' வெள்ளையைச் சொல்வார்கள்.

ஆக, 'அந்த ரயில் என்ன கலர்' என்று கேட்கக் கூடாது. 'அந்த வருஷம் என்ன கலர்' என்று கேட்க வேண்டும். மாடல் ரயில் செய்பவர்களுக்கு இதுதான் முதல் பாடம்.

இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே இதற்கு நல்ல உதாரணம். சாக்லெட்டும் கிரீமுமாகப் புகழ்பெற்ற அதன் பெட்டிகள் 1908-ல் முழுப் பழுப்புக்கு மாறின. 1912-ல் அடர் சிவப்பு. 1922-ல் மறுபடி சாக்லெட்-கிரீம். 1915-ல் ஓடிய ரயிலைச் செய்து, அதற்கு சாக்லெட்-கிரீம் அடித்தால், தெரிந்தவர்கள் பார்த்ததுமே சிரித்துவிடுவார்கள்.

படம் சொல்லும் பொய்

வருடம் தெரிந்தாயிற்று. நிறமும் மெரூன் என்று தெரிந்தாயிற்று. ஆனால் எந்த மெரூன்? ஜவுளிக்கடைக்குப் போய் 'எம்.எஸ். ப்ளூ' கேட்டுப் பாருங்கள். மூன்று கடையில் மூன்று நீலம் எடுத்துப் போடுவார்கள். பெயர் வேறு, நிறம் வேறு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நிறங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 1927-ல் 40 நிறங்களோடு தொடங்கிய 'ரால்' அட்டை இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. நம் நாட்டில் பெயின்ட்டுக்கு 'ஐ.எஸ். 5' என்ற தரநிலை உண்டு. அதில் 537 என்றால் சிக்னல் சிவப்பு, 538 என்றால் போஸ்ட் ஆபீஸ் சிவப்பு. எண் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதிதான் கஷ்டம். பட்டறையிலிருந்து வெளிவந்த அன்று இருந்த நிறமா, நாலு வெயிலும் நாலு மழையும் பார்த்த பிறகு இருந்த நிறமா? அப்பாவுக்கு வேண்டியது இரண்டாவது.

அதற்குப் புகைப்படம்தான் சாட்சி. ஆனால், படமும் பொய் சொல்லும். ஆரம்பக் காலக் கறுப்பு வெள்ளை ஃபிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புப் பொருள் கறுப்பாகவும், நீலம் வெளுப்பாகவும் பதியும். அதனால் மிகப் பழைய படங்களில் பெட்டி கறுப்பாகத் தெரிந்தால், அது கறுப்பு என்று அர்த்தமில்லை. கலர் படத்திலும் நிம்மதி இல்லை. பழைய பிரின்ட்டில் உள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலம் சார்ந்த சாயம் முதலில் மங்கினால், படம் முழுக்கச் செம்மை ஏறிவிடும். உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால், 70, 80-களின் படங்களில் எல்லோரும் மாலை வெயிலில் நிற்பதுபோலத் தெரிவார்களே, அதுதான்.

போன் திரை இன்னொரு சிக்கல். ராத்திரியில் கண்ணுக்கு இதமாக என்று 'நைட் மோட்' போட்டிருந்தால் திரையே மஞ்சளாகிவிடும். அதில் பார்த்து கலர் முடிவு செய்தால் கதை கந்தல்.

பீரோவில் இருந்த பதில்

எங்களிடமும் ஒரு படம் இருந்தது. கல்யாணம் முடிந்து, கோவை ஜங்ஷனில் திரும்பும் ரயிலுக்கு முன்னால் நிற்கிறோம். அப்பா வெள்ளை வேட்டியில். அம்மா பச்சைப் பட்டில், இடுப்பில் நான். பின்னால் பெட்டி. நாற்பது வருடத்தில் படம் சிவந்துபோய்விட்டது. அப்பாவின் வேட்டியே ரோஸாக இருந்தது.

ஐந்து பிளாஸ்டிக் பட்டைகளில் ஐந்து மெரூன் அடித்து, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டேன். ஒன்று செங்கல் காவி. போகப்போக நீலம் கூடி, ஐந்து கிட்டத்தட்ட கத்தரிப்பூ. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதெல்லாம் மண்ணு மாதிரி இருக்கு. அஞ்சுதான் சரி" என்றார்.

அம்மா எட்டிப் பார்த்தார். "அது கத்தரிக்காய். மூணுதான் ரயில்."

"ரயில்ல தினம் போனது நானா, நீயா?"

"சேலை என்னுது. பார்டர் எனக்குத் தெரியும்."

அம்மா பீரோவைத் திறந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த அந்தப் பச்சைப் பட்டை எடுத்து வந்தார். வருடத்துக்கு ஒரு முறை கூடக் கட்டாத, வெளிச்சமே படாத சேலை. அரக்கு பார்டர் அப்படியே இருந்தது.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. படத்தில் சேலையும் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒரே வெயில், ஒரே ஃபிலிம், ஒரே மங்கல். படத்தின் நிறம் பொய்யாக இருக்கலாம். பார்டருக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு சுலபத்தில் பொய்யாகாது. பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டி, பார்டரைவிட ஒரு பிடி பழுப்பு, கொஞ்சம் வெளுப்பு. கம்ப்யூட்டரில் வேட்டியை வெள்ளைக்குக் கொண்டுவந்து பார்த்தபோதும் அந்த வித்தியாசம் அப்படியே இருந்தது.

பட்டைகளையும் சேலையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். பட்டு எடுக்கும்போது கடை வாசலுக்கு வந்து வெயிலில் பிரித்துப் பார்ப்போமே, அதே காரணம்தான். டியூப்லைட்டில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறு வேறாகப் பிரிந்துவிடும். பட்டுச் சாயம் வேறு, பெயின்ட் வேறு என்பதால் இந்த ஒப்பீட்டில் சிறு பிசகு இருக்கவே செய்யும். ஆனாலும் பார்டரோடு ஒரு பிடி பழுப்பாக, படத்தில் இருந்த அதே உறவில் நின்றது ஒன்றே ஒன்றுதான். மூன்று.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி வெயிலில் பார்த்தார். "மண்ணுதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஏதோ தொலைந்துபோன மாதிரி இருந்தது.

கண்ணில் விழுந்த மஞ்சள்

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. 'சரியான கலர் கிடைக்கலை' என்று இரண்டு வருடம் சொன்னாரே! கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை.

வயதாக ஆக, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மஞ்சளாகிறது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல, நீலம் உள்ளே வருவது குறைகிறது. மெரூனிலிருந்து நீலத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? மண் நிறம்தான். நினைவில் இருந்த மெரூனை எட்டிப் பிடிக்கத்தான் அப்பா கத்தரிப்பூ வரை போயிருக்கிறார். மாற்றம் மெதுவாக நடப்பதால், பார்ப்பவருக்கே தெரியாது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் கறுப்புக்கும் கருநீலத்துக்கும் சண்டை போட்டால், சிரித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு முறை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்ன நாட்கள் கழிந்ததும் அப்பாவே பட்டைகளைக் கேட்டார். ஐந்தாம் எண்ணைக் கையில் எடுத்தார். "ஏம்மா, இது கத்தரிக்காய் மாதிரி இருக்கே. யார் அடிச்சா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைக்குள் போய்விட்டார். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா மூன்றாம் எண்ணை எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். "இந்தக் கண்ணுக்கு மண்ணு, இந்தக் கண்ணுக்கு ரயில்" என்றார்.

நீங்களும் முயல…

உங்களுக்கும் ஒரு ரயில் நினைவில் இருந்தால், செய்து பார்க்கலாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

முதலில் வருடத்தை முடிவு செய்யுங்கள். பிறகுதான் நிறம். அருங்காட்சியகத்தில் நிற்கும் பெட்டியைப் பார்த்தால், எப்போது மறுபடி பெயின்ட் அடித்தார்கள் என்று கேளுங்கள். படத்தில், நிறம் தெரிந்த இன்னொரு பொருள் இருக்கிறதா என்று தேடுங்கள். வெள்ளை வேட்டி, பீரோவில் இருக்கும் சேலை, எதுவானாலும் சரி.

பெயின்ட் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் ஒரு நிறம். கீழே அடிக்கும் பிரைமர் வெள்ளையா, சாம்பலா என்பதைப் பொறுத்தும் மேல் நிறம் மாறும். அதனால் முதலில் வேண்டாத துண்டில் அடித்துக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

இன்னொன்று. 21 மீட்டருக்கும் அதிக நீளமான பெட்டி, 87-ல் ஒரு பங்கு அளவில் 24.5 சென்டிமீட்டராகிவிடும். அவ்வளவு சிறியதில் அசல் நிறத்தையே அடித்தால், கொஞ்சம் இருட்டாகத் தெரியும். அதனால் பல மாடல்காரர்கள் சில சொட்டு வெள்ளை சேர்க்கிறார்கள். வேண்டாம் என்பவர்களும் உண்டு. நான் சேர்த்தேன்.

இரண்டாவது கண் ஆபரேஷனும் முடிந்த பிறகுதான் பெட்டிக்குப் பெயின்ட் அடித்தோம். 'அடித்தேன்' என்று எழுத முடியாது. முதல் கோட் நான். இரண்டாவது கோட்டுக்கு அப்பா பிரஷை வாங்கிக்கொண்டார். காய்ந்ததும் ஷோகேஸில் இன்ஜினுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, குனிந்து ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். மூன்றாவது ஜன்னலில் விரல் வைத்தார்.

"இங்கதான் நீ தூங்கிட்டு வந்தே" என்றார்.