திருமேனி வார்க்கும் கரங்களும் கைத்தொலைபேசியும்

மங்கல வாத்தியம் முழங்க, மலரலங்காரத்துடன் திருவீதி உலாவுக்கு எழுந்தருளும் உற்சவமூர்த்தியை வணங்கி நிற்கும் பக்தப் பெருமக்களுள், அத்திருமேனி எந்த ஊரில், எவர் கரங்களால் உருவாயிற்று என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. மலேசிய, சிங்கப்பூர் ஆலயங்கள் பலவற்றின் பஞ்சலோகத் திருமேனிகள் தமிழகத்திலிருந்து வந்தவை. அத்தகைய திருமேனிகளை வார்க்கும் ஊர்களுள் பெயர் பெற்றது, கும்பகோணத்தை அடுத்துக் காவிரிக் கரையில் அமைந்த சுவாமிமலை. ஆறுபடை வீடுகளுள் நான்காவதான இத்தலத்தில் ஸ்தபதியரின் பட்டறைகளில் இன்றும் உலை எரிகின்றது.

அங்கே பணி தொடங்குவது உலோகத்தில் அன்று, தென்னோலையில். திருமேனியின் உயரத்திற்கு ஓலையை நறுக்கி, அதனைத் தாளக் கணக்குப்படி மடித்து, முகம், மார்பு, கால் என ஒவ்வோர் அங்கத்திற்கும் அளவு காண்பர். தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கிய கலவையில் உருவத்தைச் சமைப்பர். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி, பின்னர் பருமண் பூச்சுகளும் இட்டுக் கம்பியால் கட்டுவர். சூடேற்றியதும் மெழுகு உருகி வெளியேற, அவ்வெற்றிடத்தில் உலோகக் குழம்பு வார்க்கப்படும். ஆறிய பின் மண் கருவை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு கருவுக்கு ஒரு திருமேனியே. பிழை நேர்ந்தால் மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜி-20 மாநாட்டையொட்டிப் புதுதில்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராசர், ஏறத்தாழ 18 டன் எடையுடன், இம்முறையிலேயே சுவாமிமலையில் வார்க்கப்பட்டவர். ஆனால் அத்தகைய பெரும்பணி எல்லாப் பட்டறைகளுக்கும் வாய்ப்பதில்லை. சிறு பட்டறையின் அடுப்பு எரிவது ஓரடி, இரண்டடித் திருமேனிகளால்தான். அவற்றை நெடுங்காலமாகக் கடைக்காரரும் தரகரும் வாங்கிச் சென்றனர். விலையோ கிலோ கணக்கில். உளி கொண்டு நாள் கணக்கில் செய்யும் நுண்வேலைக்கும், மெருகுக்கும், உடைந்துபோன ஒரு கருவின் நட்டத்திற்கும் அக்கணக்கில் இடமில்லை. தாளக் கணக்கில் நூலளவும் பிசகாத ஸ்தபதி, தம் கூலிக் கணக்கில் மட்டும் கோட்டை விடுவது வேடிக்கையல்ல, வேதனையே.

இந்நிலையை மாற்றக்கூடிய கருவியாகக் கைத்தொலைபேசி பட்டறைக்குள் நுழைந்துள்ளது. அதன் முதற்பயன் விளம்பரம் என்பது பலர் எண்ணம். உண்மையில் பெரும்பயன் வேறிடத்தில் உள்ளது. மெழுகு நிலையிலேயே திருவுருவைப் படமெடுத்து, அளவுகோலையும் அருகில் வைத்து, கடல் கடந்த ஆலய நிர்வாகத்தினருக்கு வாட்ஸ்அப் வழி அனுப்பினால், ஆயுதம், முத்திரை, பீட அளவு ஆகியவற்றில் வேண்டிய திருத்தங்களை அப்போதே சொல்லிவிடலாம். வார்ப்பு முடிந்த பின் சொல்லிப் பயனில்லை. மெழுகின் எடையைக் கொண்டே தேவையான உலோகத்தின் எடையையும் கணிப்பது இத்தொழிலின் மரபு. எனவே உலோகத்திற்கு இவ்வளவு, வார்ப்புக்கு இவ்வளவு, நுண்வேலைக்கு இவ்வளவு எனப் பிரித்தெழுதிய விலைப்பட்டியலையும் அந்நேரமே அனுப்ப இயலும். இப்படிப் பிரித்தெழுதப் பழகுவதே முதற்படி. படமெடுப்பதைப் பிள்ளைகளே கற்றுக்கொடுத்துவிடுவர்.

இணையத்தில் போலிகளும் உலவுகின்றன. அச்சில் நூற்றுக்கணக்கில் எடுத்த பித்தளைப் பொம்மைக்கும் சுவாமிமலைப் பெயரைச் சூட்டி விற்பது எளிது. சுவாமிமலைத் திருமேனிகளும், அருகிலுள்ள நாச்சியார்கோவிலின் குத்துவிளக்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் புவிசார் குறியீடு பெற்றவை. எனினும் குறியீட்டுச் சான்றினும் உறுதியாகப் பேசுவது, மெழுகு முதல் மெருகு வரை ஒவ்வொரு நிலையிலும் எடுத்த படங்களே. ஏற்றுமதிக்கும் தாள் வேலை உண்டு. நூறாண்டு கடந்த சிலைகளை நாடு கடத்துவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுப்பதால், புதிய திருமேனி தொன்மையானதன்று எனத் தொல்லியல் துறையிடம் சான்று பெற வேண்டும். இந்நடைமுறை அறியாதவர் மீண்டும் தரகரையே நாடுவர்.

இத்தகைய தொழில் அறிவைப் புகட்ட அரசுகளும் முன்வந்தன. 2023 செப்டம்பரில் இந்திய நடுவணரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம், 18 கைத்தொழில்களுக்குப் பயிற்சியும், பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், மின்னியல் பணப் பரிமாற்றத்திற்கு ஊக்கத்தொகையும் அறிவித்தது. 2025இல் தமிழக அரசு 25 தொழில்களுக்கெனக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கி, கடனில் 25 விழுக்காடு வரை, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் அளித்தது. ஆயினும் சில நாள் வகுப்பில் கற்றது, மறுவாரமே ஓர் உண்மையான பணிக்குப் பயன்பட்டால்தான் மனத்தில் தங்கும்.

அந்தப் பணியைத் தரவல்லோர் ஆலய அறங்காவலர்களும் திருப்பணிக் கொடையாளர்களுமே. திருக்குடமுழுக்குக்கு நாள் குறித்தபின் அவசரமாகக் கடையில் வாங்குவதைத் தவிர்த்து, பல மாதங்களுக்கு முன்பே ஸ்தபதியை நேரில் தொடர்புகொண்டு, தியான சுலோகத்தையும் கருவறை அளவையும் அனுப்பி, முன்பணம் செலுத்தி, மெழுகுப் படத்தைக் கேட்டுப் பெறலாம். அப்படத்தை ஆலய அர்ச்சகரிடம் ஒருமுறை காட்டி இசைவு பெற்ற பிறகே வார்ப்புக்கு நாள் குறிக்கச் சொல்லலாம்.