மாயும் விண்மீனின் கரித்துகள்

கொல்லனுலையிலிருந்து எடுத்த இரும்பின் செம்மை மறைந்த பின்னரும் அதனைத் தொட அஞ்சுகிறோம். கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிரை அது வீசிக்கொண்டேயிருக்கிறது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்பார் ஞாயிற்றொளியை அரியத்தாற் பிரித்து, சிவப்புக்கு அப்பால் நிறமேயில்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், இரசம் ஏறிற்று. செந்நிறக் கீழ்க் கதிர் அறியப்பட்டது அவ்வாறே.

மாயுந் தறுவாயிலுள்ள விண்மீனை ஆராய இக்கதிரே நமக்குத் துணை. ஞாயிற்றையொத்த விண்மீன் முதுமையிற் பருத்து, தன் மேலுறையை வெளியே உதறிவிடுகிறது. காபன் மிகுந்த விண்மீனாயின், அவ்வாயு குளிரும்போது விளக்குச் சுடரின் புகைக்கரி போன்ற துகள் பிறக்கிறது. பின்னர் ஒளிரும் அவ்வுறையைக் கிரக நெபுலா என்பர். ஹேர்ஷலின் தொலைநோக்கியிற் கிரகத்தட்டுப்போலத் தோன்றியமையால் வந்த பெயர் அது. கிரகத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை.

இனி, துகள் இன்னதென எங்ஙனம் அறிவது? அணுக்களின் ஒவ்வொரு பிணைப்பும் வீணை நரம்புபோலத் தனக்குரிய அதிர்வுடையது. 1973இல், அன்னம் என்னும் விண்மீன் குழுவிலுள்ள என்.ஜி.சி. 7027 முதலிய நெபுலாக்களில் 11.3 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் ஓர் ஒளிப்பட்டை கண்டனர். பின்னர் 3.3, 6.2, 7.7, 8.6 எனப் பிற பட்டைகளும் வெளிப்பட்டன. இவற்றுட் சிலவற்றை வளிமண்டல நீராவி மறைத்துவிடுதலால், தொலைநோக்கியை விமானத்தில் ஏற்றி உயரே கொண்டு செல்ல நேர்ந்தது. ஆயினும், பட்டைகளுக்கு உரியது எதுவென நெடுநாள் விளங்கவில்லை.

காபன் அணுக்கள் அறுகோண வளையங்களாய் இணைந்த தட்டையான மூலக்கூறுகளே காரணமென 1980களின் நடுவிற் சிலர் கூறினர். இன்றும் பலர் கொள்கை அதுவே. சுன் குவொக், யோங் சாங் என்னும் இருவர் 2011இல் இதனை மறுத்தனர். வளையங்களும் சங்கிலிகளும் ஒழுங்கின்றிப் பின்னிய, நிலக்கரியை நிகர்த்த சேதனத் துகளே அது என்பது அவர்தம் வாதம். வழக்கு இன்னும் தீரவில்லை. எனினும் இருசாராரும் சேதனப் பொருள் அங்குண்டு என்பதில் ஐயுறவில்லை. அறுபது காபன் அணுக்கள் பந்துபோற் கூடிய மூலக்கூற்றை ஸ்பிற்சர் விண்தொலைநோக்கி ஒரு கிரக நெபுலாவிற் கண்டமை 2010இல் வெளியாயிற்று.

எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. உறையை உதறிய விண்மீன் நெபுலாவாக ஒளிரும்வரை செல்லுங் காலம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளே. அத்துணைச் சிறுபொழுதில், அத்துணை அருகிய வாயுவில், இத்தகைய சிக்கலான சேர்வைகள் உருவாவது எங்ஙனம்?

1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லினுள், நம் ஞாயிற்றுக்கு மூத்த சிலிக்கன் காபைட்டு மணிகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை இத்தகைய முதிய விண்மீன்களிற் பிறந்தவை. அவ்விண்மீன்களின் சேதனத் துகளும் அவற்றோடு புவிக்கு வந்து சேர்ந்ததா என்பதை ஆய்வாளர் இன்று தேடிவருகின்றனர்.